உட்கார ஒரு ஸ்டூல்

இடுப்புக்குக் கீழே ஈரச் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டது போலக் கனத்தது பிரின்சிக்கு. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ரப்பர் வாஷர் செய்யும் கம்பெனி. எட்டு மணி நேரமும் நின்றபடியே பிளேடால் வாஷர் ஓரத்துப் பிசிறு வெட்ட வேண்டும். ஒரு மாதமாக அவளுக்கு மட்டும் ஸ்டூல்.

அது வந்த கதை அவளுக்கே பிடிக்காதது. உடை மாற்றும்போது அவள் தொடையிலும் புஜத்திலும் கருநீலமாகக் கன்றியிருந்ததை லைன் லீடர் முத்தம்மா பார்த்துவிட்டாள்.

"இன்னாடி இது? மறுபடியும் கை நீட்டிட்டானா உன் புருசன்?"

இரண்டு வருஷத்துக்கு முன், குடித்த காலத்தில், எபினேசர் ஒருமுறை அறைந்தது உண்மை. பிறகு குடியை விட்டதும் உண்மை. இந்தக் கன்றல்கள் எங்கே இடித்து வந்தன என்று பிரின்சிக்கே தெரியாது. இல்லக்கா என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் முத்தம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்ததும் கால்கள் விட்ட பெருமூச்சில் வார்த்தை உள்ளேயே போய்விட்டது.

அன்று சாயங்காலம் கேட்டில் பைக்கோடு நின்ற எபினேசரை முத்தம்மா எல்லார் முன்னாலும் பிடித்தாள். "ஏன்யா, பொண்டாட்டி இன்னா ரோட்ல கெடக்குற தகர டப்பாவா? ஒதைச்சிக்கினே கீற?"

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் பைக் சக்கரத்தைப் பார்த்தாள்.

பிறகு ஒருநாள் காலை தலையணையில் ரத்தத்தைப் பார்த்து, ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனவனும் அவன்தான். ஈறு கசிந்திருந்தது. டாக்டரம்மா முதலில் அவனை வெளியே அனுப்பினார்.

"வீட்ல யாராவது அடிக்கிறாங்களா?"

"இல்லம்மா." அந்த அறையில் அதைச் சொல்வது சுலபமாக இருந்தது.

முழங்காலுக்குக் கீழே ஊசி குத்தியது போலச் சிவப்புப் புள்ளிகள். வேர்க்குரு என்று பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா அழுத்திப் பார்த்தார், மறையவில்லை. மாதவிலக்கு எத்தனை நாள் என்று கேட்டார். பன்னிரண்டு என்றாள். ரத்தப் பரிசோதனையில் டெங்கு இல்லை. ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டிய ரத்தத் தட்டணு, பிளேட்லெட், ஒன்பதாயிரம்தான் இருந்தது. அன்றே வார்டில் சேர்த்தார்கள்.

நாலாம் நாள், வீட்டுக்கு அனுப்ப மாத்திரை எழுதித் தரும்போது டாக்டரம்மா சொன்னார்: "உங்க உடம்பே தட்டணுவை எதிரின்னு நெனச்சு அழிக்குதும்மா. அதான் ரத்தம் உறையல, லேசா பட்டாலே கன்னிப்போகுது. எங்கயும் அடிபடாம பாத்துக்கணும்."

'அடிபடாம' என்றதும் எபினேசர் சிரித்தே விட்டான். வெளியே வந்ததும் சிரிப்பில்லை. "அந்த முத்தம்மா கைல மட்டும் சொல்லிடு பிரின்சி. போதும்."

"சொன்னா, சீக்காளின்னு கான்ட்ராக்ட்காரன் கேட்டோட அனுப்பிருவான். ஸ்டூலும் பூடும், வேலையும் பூடும்."

அவன் ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

திங்கள் காலை கேட்டில் முத்தம்மா நின்றிருந்தாள். "நாலு நாளா ஆளே காணோம். எழுந்திரிக்க முடியாத அளவுக்கா அட்ச்சான்?"

எபினேசர் கிளம்பாமல் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றான். சட்டைப் பையில் ரிப்போர்ட்டின் மடிப்பு துருத்திக்கொண்டிருந்தது.

"ஜொரம்கா," என்றாள் பிரின்சி.

பின்னால் பைக் உதைபட்டுக் கிளம்பும் சத்தம் கேட்டது. உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். விரலில் படாமல் பிளேடை எடுத்தாள். அவரு என்னிய அடிக்கல. மூன்றே வார்த்தை. எபினேசருக்கு அதை அவள் இன்னும் தரவில்லை.