அன்னப்பூரணியின் சாப்பாட்டுத் தாள்

முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரிப் பதிவறையில் எழுதுவினைஞனாக இருந்தவன் நான். ஒரு லட்சம் நோயாளிக் கோவை என் கையால் போயிருக்கும். ஓய்வூதியக்காரன் சொல்கிறேன், நம்புங்கள், இரண்டு லட்சம். எந்த முதலாளிக்கு மூலம், எந்தப் பள்ளிக்கூட அதிபருக்குப் பொய்ப்பல் என்று எல்லாம் தெரியும். நான் தெருவில் இறங்கினால் ஏறாவூர் வரைக்கும் ஆட்கள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஓடுவார்கள்.

யுத்தம் முடிந்து மூன்றாம் மாதம் ஒரு சுற்றுநிருபம் வந்தது. ஏழு பக்கம். நான் வாசித்துக் காட்டியபோது எழுபது பக்கமாகிவிட்டது. கோவையின் மேல் நோயாளியின் பெயர் இருக்கக் கூடாது, இலக்கம் மட்டும். அலுமாரிக்குப் பூட்டு. திறப்பவர் பதிவேட்டில் தன் பெயரையும் காரணத்தையும் எழுத வேண்டும். நோயாளியின் கையெழுத்தில்லாமல் சொந்தக்காரருக்கும் காட்டக் கூடாது. ஐந்து வருடம் ஆள் வராத கோவைகளை அழிக்க வேண்டும். தை மாதம் மேலிடத்திலிருந்து பார்க்க வருவார்கள். அதற்குள் ஆஸ்பத்திரியை ஆயத்தப்படுத்துவது என் பொறுப்பு.

லேசான வேலையா? கிளினிக்கில் தாதி சீதேவிப்பிள்ளை மிஸ் இருந்தா. "சீனி வருத்தம் நல்லரத்தினம்! கால்புண் இன்னும் நாறுதா?" என்று அவ கூப்பிட்டால் வாவியின் அக்கரையில் வலை இழுப்பவன் மூக்கைப் பொத்துவான். இனி இலக்கம்தான் என்றேன்.

"நானூற்றிப் பன்ரெண்டு!" என்று கூப்பிட்டா மிஸ். ஒருவரும் எழும்பவில்லை.

"மிஸ், நாங்க சிறையில கிடக்கிற மறியல்காரரா? பேரைச் சொல்லுங்க" என்றார் நல்லரத்தினம்.

"பேர் சொன்னா கிளாக்கர் ஐயா என்னைத் தூக்கில போடுவார். எழும்புங்க, நானூற்றிப் பன்ரெண்டு, அந்த நாறுற காலோட."

இப்படிப் பகிடியாகத்தான் போனது. ஆனால் ஒருநாள், சப்பாத்துப் போட்ட இரண்டு பேர் வந்தார்கள். வன்னியிலிருந்து கொண்டுவரப்பட்ட காயக்காரரின் பெயர்ப்பட்டியல் வேண்டுமாம். யார் என்று சொல்லவில்லை. பட்டியலில் பெயர் போனவன் காணாமல்போகிற காலம் அது. நான் சுற்றுநிருபத்தை நீட்டினேன். கையெழுத்தில்லாமல் காட்ட முடியாது என்றேன், இதில் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்றைக்குத்தான் அந்த ஏழு பக்கத்தில் எனக்கு மரியாதை வந்தது.

என் கரைச்சல் 4417ஆம் இலக்கம். என் மனைவி அன்னப்பூரணி.

எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. நானும் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருந்த அவட சீதன வீட்டுக்கு ஒரு சூட்கேசோடு போனவன். சுனாமியன்று நான் ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமை வேலை. அவவும் வீடும் ஒன்றாய்ப் போனார்கள். படம் ஒன்றும் மிஞ்சவில்லை. தன்னாமுனையில் ஓர் அறை எடுத்துக்கொண்டேன்.

மிஞ்சியது மேல்மாடிப் பதிவறையில் இருந்த அவட சீனி வருத்தக் கோவை. அதற்குள் ஒரு தாள். தினமும் என்ன சாப்பிடுகிறாய், எழுதிக்கொண்டு வா என்று டொக்டர் சொல்ல, பதினாறு நாளுக்கு அவட கையெழுத்தில் எழுதிக் கொடுத்தது. முழுக்கப் பொய். "இடியப்பம் மூன்று." எட்டுக்குக் குறைந்து அவ எழும்பினதில்லை. "தயிர் இரண்டு கரண்டி." சட்டியை வழித்து விரலையும் சூப்புவா! மத்தியானச் சோற்றுப் பார்சலை விரித்து வைத்து அதை வாசித்துச் சிரிப்பேன். அதுதான் என் குடும்பம்.

அவ கடைசியாகக் கிளினிக்குக்கு வந்தது இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு மார்கழி இருபது, சுனாமிக்கு ஆறு நாள் முன்பு. ஐந்து வருடம் முடிய இன்னும் ஒரு மாதம்தான். முடிந்தால் தாளும் நெருப்புக்கு. செத்தவவிடம் கையெழுத்துக்கு எங்கே போவது?

நான் ஒரு வேலை பார்த்தேன். கார்த்திகைக் கிளினிக் நாளில், 4417இல் வருகை முத்திரையைக் குத்தினேன். நிறை அறுபத்தொரு கிலோ என்று எழுதினேன். ஒரு கிலோ குறைத்தே எழுதினேன், கேட்டால் சந்தோஷப்படுவா. கோவைக்கு இன்னும் ஐந்து வருடம் ஆயுள். பெயரில்லை, இலக்கம்தான், யாருக்குத் தெரியும்? சுற்றுநிருபத்தை ஏய்த்த ஒரே ஆள் இலங்கையில் நான்தான் என்று அன்றிரவு அறையில் தனியே கைதட்டினேன்.

முத்திரை குத்தினால் அடுத்த கிளினிக் பட்டியலில் அந்த இலக்கம் தானாக ஏறும் என்பதை மறந்துபோனேன். அந்த ஒழுங்கைப் போட்டதும் நான்தான்.

மார்கழியில், பதிவறைக்குள் இருந்து மிஸ்ஸின் குரலைக் கேட்டேன்.

"நாலாயிரத்து நானூற்றிப் பதினேழு!"

ஒருவரும் இல்லை.

"நாலாயிரத்து நானூற்றிப் பதினேழு! எங்க போய்த் துலைஞ்சா?"

ஐந்து வருடத்தில் அவவை ஒருவர் கூப்பிட்டு நான் கேட்டது அதுதான். மூன்றாம் தரமும் கூப்பிட்டா. 'வாறன்' என்று சொல்ல வாய் உன்னியது.

கொஞ்சத்தில் பிரஷாந்தி வந்தா, எனக்கு அடுத்த எழுதுவினைஞர், பிடாரி வாய். "ஐயா, 4417 வரல்லயாம். சீதேவி மிஸ் பின்னேரம் சைக்கிளில வீட்டுக்குப் போய்ப் பாக்கப் போறாவாம். விலாசம் கேக்கிறா."

அந்த விலாசத்தில் இப்போது மணல்தான் இருக்கிறது. மிஸ்ஸுக்கு முழங்கால் வருத்தம். அந்தக் காலோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு வீடு தேடுவா.

"போக வேணாமெண்டு சொல்லுங்க பிள்ளை. அது என்ட அன்னம்."

பிரஷாந்தி பதிவேட்டைப் புரட்டினா. பக்கம் பக்கமாக 4417, என் பெயர், காரணம்: 'தகவல் சரிபார்ப்பு'.

"நாலு மாசமா என்ன தகவலைச் சரிபாத்தீங்க?"

"இடியப்பம்" என்றேன்.

அவ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டா. தாளை வாசித்தா. கோவையை என் பக்கம் தள்ளினா. "தாளை மட்டும் கழட்டிச் சட்டைப்பைக்குள்ள வைங்க ஐயா. நான் அங்கால பாத்துக்கொண்டு நிக்கன். ஆர் கேக்கப் போறா?"

அவ திரும்பியும் நின்றா. தாள் என் கையில். எனக்குச் சப்பாத்துக்கார இருவரும்தான் ஞாபகம் வந்தார்கள். என் சட்டைப்பைக்கு ஒரு தாள் போகலாம் என்றால், மற்றவன் பைக்கு ஒரு பட்டியல் போகலாம்.

"திரும்புங்க பிள்ளை."

பொய் வருகையைச் சிவப்பு மையால் வெட்டிக் கையெழுத்து வைத்தேன். பதிவேட்டில் முதல்தரமாக உண்மை எழுதினேன்: 'காரணம்: மனைவி. வாசிப்பதற்கு.' மற்றப் பழைய கோவைகளோடு அதையும் பின்வளவில் எரித்தோம். நன்றாகத்தான் எரிந்தது. தை மாதம் வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள். என் கணக்கில் கண்ணீர் விட்டுப் பாராட்டினார்கள்.

இப்போது தன்னாமுனை அறையில் நானே சமையல். தாள் மனப்பாடம். நாள் ஒன்று: புட்டு, மணலை மீன் ஒரு துண்டு. நாள் ஏழு: இடியப்பம் மூன்று. எட்டு அவிக்கிறேன், மூன்று என்று சொல்லிக்கொண்டு சாப்பிடுகிறேன்.

பதினாறு நாள் வரைக்கும் பிரச்சினை இல்லை. டொக்டர் அவவுக்கு இரண்டாவது தாளும் கொடுத்திருந்தார். அது வீட்டில் இருந்தது, வீட்டோடு போனது. அதனால் பதினேழாம் நாளுக்கு என்ன சமைப்பது என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு அடுப்பு மூட்டுவதில்லை. சந்திக்குப் போய் ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கி வருவேன். கதவைச் சாத்திக்கொண்டு "இரண்டு கரண்டி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, சட்டியை வழிப்பேன்.