ஏழாம் கடிதத்தின் நடுத்தாள்

விசாரணை மறுநாள் காலை பத்து மணிக்கு என்று ஜெனிற்றாவுக்குக் கடிதம் வந்தது. யாழ்ப்பாணத்தில் மருதனார்மடத்துக்கு அருகே ஓர் இறையியல் கல்லூரியில் அவள் நாலு வருடமாகக் கிரேக்கம் படிப்பித்தாள். ஆதித் திருச்சபையின் ஆயர் ஒருவர் சிறையிலிருந்து எழுதிய கிரேக்கக் கடிதங்களைத் தமிழாக்கி, அச்சுக்கு அனுப்பும் நேரத்தில்தான் மூத்த விரிவுரையாளர் லயனல் முறைப்பாடு கொடுத்தார். அந்தக் கடிதங்கள் அடங்கிய கல்லூரியின் பழைய கிரேக்கப் புத்தகத்தை அவள் களவாகப் படம் எடுத்துவிட்டாளாம்.

அந்தப் புத்தகம் இருந்த அலுமாரியின் சாவி முப்பது வருடமாக லயனலிடம்தான். இரண்டு தரம் கேட்டுப் போன ஜெனிற்றாவை அவர் வெறுங்கையோடு அனுப்பியிருந்தார்.

குற்றம் உண்மையானால் வேலை போகும் என்று கல்லூரி அதிபர் பியாட்றிஸ் விசாரணையின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். ஜெனிற்றா விளக்கினாள்: பழைய கிரேக்க, இலத்தீன் நூல்களை எவரும் வாசிக்கவும் மொழிபெயர்க்கவும் இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள், தான் எடுத்தது அங்கிருந்துதான்.

"சும்மா தாறதெண்டால் அது களவுச் சாமானாத்தான் இருக்கும்," என்றார் லயனல்.

காட்டச் சொன்னார் அதிபர். கைபேசியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சிக்னல் இல்லை. லயனல் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"மிஸ், அந்தப் புத்தகத்தையும் கொண்டு வரச்சொல்லுங்கோ. ரெண்டையும் ஒப்பிட்டுப் பாப்பம்," என்றாள் அவள், வேறு வழி தெரியாமல்.

பழைய தாள், தொட்டால் உடையும் என்று லயனல் மறுத்தார். அதிபர் விடாமல் எடுத்துவர வைத்தார்.

ஜெனிற்றா தன் தமிழாக்கத்தை வாசிக்க, லயனல் கிரேக்கத்தில் விரல் வைத்துப் பின்தொடர்ந்தார். ஆறு கடிதங்கள் ஒத்துப்போயின. ஏழாவதன் நடுவில் விரல் நின்றது. அவள் வாசித்துக்கொண்டே போனாள். விரல் நகரவில்லை.

அதிபர் எழுந்து வந்து பார்த்தார். எழுபத்திரண்டாம் பக்கத்துக்கு அடுத்தது எழுபத்தைந்து.

"லயனல், இதுக்குள்ளை இருந்த தாள் எங்கை?"

லயனல் விரலை எடுத்தார். தொண்ணூற்றைந்தில் போருக்குப் பயந்து ஊரே இடம்பெயர்ந்தபோது புத்தகத்தைச் சாக்கில் கட்டி மழைக்குள் சுமந்துபோனதாகவும், அந்தத் தாள் எங்கே விழுந்ததென்று தெரியாதென்றும் மெல்லச் சொன்னார்.

"தெரிஞ்சால் என்னிலைதான் பழி வரும் எண்டு ஒருத்தருக்கும் காட்டேல்லை."

அதற்குள் கைபேசியில் பக்கம் திறந்திருந்தது. எவரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்ற வரியை அதிபர் இரண்டு தரம் வாசித்தார். புத்தகத்தில் இல்லாத தாளைப் படம் எடுத்திருக்க முடியாது என்று சொல்லி, முறைப்பாட்டைத் தள்ளுபடி செய்து எழுதினார்.

ஜெனிற்றா எழும்பப் போனாள்.

"பிள்ளை," என்றார் லயனல். "அந்தத் தாளிலை இருந்ததை ஒருக்கால் பாக்கலாமோ?"

அவளுக்கு உள்ளே இன்னும் கொதித்தது. முடியாது என்று சொல்ல வாய்வரை வந்தது. கைபேசியை அவர் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, உதடு அசைய வாசித்தார். அடுத்த வரிக்குப் போகத் தெரியாமல் அவர் தடவியபோது, திரையை அவளே மேலே தள்ளிக் கொடுத்தாள்.