அமரெச்சுக்குத் தனி இலை

தங்கை அமரெச்சின் கால் வீங்கத் தொடங்கியதிலிருந்து அஞ்சுலோ அவளை வீட்டார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் பொதுத்தட்டில் சாப்பிட விட்டதில்லை. எங்கே தனக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயத்தில் அவள் சாப்பாட்டை வாழையிலைத் துண்டில் போட்டு வாசல் பக்கம் தள்ளிவிடுவார்.

ஆஸ்பத்திரிக்காரர்களை அவர் நம்புகிறவரில்லை. சோடோ நகர ஆஸ்பத்திரியில் அவள் காலைக் கழுவிவிட்ட நர்ஸிடமும் சண்டைக்குத்தான் நின்றார்.

“இம்மாம் பெருசா வீங்கியிருக்கு. தொற்று இல்லேன்னா வேற என்னவாம்?”

“வீங்கினதெல்லாம் தொற்றாகிடாது பெரியவரே. தொற்றுன்னா கிருமி உள்ளே போயிருக்கணும். இது இந்தப் பக்கத்து எரிமலைச் செம்மண்ணுல வெறுங்காலோட நடந்து நடந்து, மண்துகள் தோலுக்குள்ள இறங்கி வந்தது. யாருக்கும் ஒட்டாது. நீங்க பூட்ஸ் போட்டிருக்கீங்க. இவங்களுக்கு ஒண்ணு வாங்கித் தரக்கூடாதா?”

அஞ்சுலோ தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

அன்று வீட்டில் சோளக்களியைத் தட்டில் கொட்டியதும், “அமரெச், இங்கே வந்து உட்காரு” என்றார்.

அவள் அசையவில்லை. “உன் பிள்ளைங்களை இடுப்புல வச்சு வளர்த்தவ நான். அதுல யாருக்காவது கால் வீங்குச்சாண்ணே? அப்போ உனக்குக் கண்ணு தெரியலையா? நர்ஸம்மா சொன்னதும்தான் மனுஷியாத் தெரியறேனா?”

எடுத்த கவளத்தை அவர் தட்டிலேயே வைத்துவிட்டார். தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.