குழந்தை வண்டி விளம்பரம்

டென்மார்க்கில் ஆல்போர்க் போகும் ரயிலில் மைகனின் கைப்பேசியை எட்டிப் பார்த்த தங்கை சிஸ்ஸல், "என்னக்கா, குழந்தை வண்டி விளம்பரமா வருது? ஏதாவது விசேஷமா?" என்று கண்ணடித்தாள்.

"போடி, ஆள் தெரியாம அனுப்புறான்."

ஆள் தெரிந்துதான் அனுப்புகிறான், பாவி. அவள் கைப்பேசியில் குமட்டலுக்கு வைத்தியம் தேடிய அன்றே விளம்பரக் கம்பெனிக்காரன் மோப்பம் பிடித்துவிட்டான். மூன்று மாதம் ஆகட்டும் என்று ஊர் வழக்கப்படி மைகன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அதற்குள் கரு கலைந்துவிட்டது. அதைப் பற்றி அவள் கைப்பேசியில் எதுவும் தேடவில்லை. அதனால் அவனுக்குத் தெரியாது.

"எரிச்சலா இல்ல? 'இனி காட்டாதே'ன்னு இருக்கு பாரு, அமுக்கு."

மைகன் விரலைக் கொண்டுபோனாள். போன மாதம் மசக்கை மாத்திரை, இந்த மாதம் வண்டி. அவன் கணக்கில் குழந்தை வளர்ந்துகொண்டிருந்தது. உலகத்தில் அதற்காக இன்னும் காத்திருப்பவன் அவன் ஒருவன்தான்.

"இருந்துட்டுப் போகட்டும்டி" என்றாள்.