பதின்மூவாயிரம் கிலோமீட்டரும் ஒரு நாற்காலியும்

மேசையின் தலைமாட்டில், புனித நிக்கோலாவின் படத்துக்குக் கீழே வுக்கோமான் மாமா உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் பக்கத்து வீட்டு ஓப்ராட். அடுப்போர முக்காலியில் என் மனைவி ஸ்தானியா. சன்னலோர நாற்காலி காலி; அது பெர்த்திலிருந்து வரும் என் தங்கை லெபோசாவாவுக்கு. நான் நின்றேன். எங்கள் குலப் புனிதரான நிக்கோலாவின் நாளில் வீட்டுக்காரன் உட்காரக் கூடாது. வந்தவர்களுக்கு ஊற்றிக்கொடுத்துக்கொண்டே நிற்க வேண்டும்.

அந்த நாளுக்கு நாங்கள் யாரையும் அழைப்பதில்லை. வருகிறவர்கள் வருவார்கள். எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்டால் அதுவே அழைப்பாகிவிடும். அதனால், முதல் நாள் மாலை விமானம் ஏறுகிறேன் என்று லெபோசாவா எழுதியிருந்ததற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. பூகோள உருண்டையில் நூல் பிடித்து அளந்தேன். பதின்மூவாயிரம் கிலோமீட்டர். மணிக்குத் தொள்ளாயிரம் என்றால் பதினாலரை மணி நேரம். பெல்கிரேடிலிருந்து பஸ்ஸையும் சேர்த்தால், மதியம் சடங்கு ரொட்டியை வெட்டுவதற்குள் வந்துவிடுவாள்.

ரொட்டியை வெட்டினோம். அவள் வரவில்லை.

"வானத்துல ஆட்டு மந்தை குறுக்க வந்துடுச்சோ என்னவோ," என்றான் ஓப்ராட்.

"ஆடுமில்ல மாடுமில்ல," என்றார் மாமா. "பெல்கிரேட்ல புருஷன் வீட்டாளுங்க இருக்காங்கல்ல? அங்க சூப்பு குடிச்சிட்டிருப்பா. அண்ணன் வீடெல்லாம் அப்புறந்தான்."

"பொறுங்க மாமா, எவ்வளவு தூரத்துலேர்ந்து வர்றா," என்றாள் ஸ்தானியா.

"தூரத்தத்தான் அளந்தாச்சே," என்றேன். "மிச்ச நேரம் எங்க போச்சு?"

இருட்டத் தொடங்கியதும், புனிதருக்குக் காலையில் ஏற்றிய மெழுகுவத்தியை வழக்கப்படி ஒயின் விட்டு அணைத்து விருந்தை முடித்தேன். அவளுக்கென்று எடுத்துவைத்த கெண்டைத் தலையை மாமாவின் தட்டில் வைத்தேன். ஆத்திரம் அடங்கவில்லை. சன்னலோர நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"டேய், எந்திரிடா," என்றார் மாமா மெதுவாக. "இன்னிக்கு உட்காரலாமா?"

நான் எழவில்லை. அப்போதுதான் கதவு திறந்தது.

கால் வீங்கி, செருப்பு வாரை அவிழ்த்துவிட்டபடி லெபோசாவா நின்றாள்.

"நேரா விமானம் ஏதுண்ணா? சிங்கப்பூர்ல இறங்கி ஏறி, ஃப்ராங்க்ஃபர்ட்ல இறங்கி ஏறி... பெல்கிரேட்ல மாமியார் வீட்டுக்குக்கூடப் போகல. பஸ் ஸ்டாண்டுக்குத்தான் ஓடினேன்."

எழப் போனேன். என் தோளில் கை வைத்து அழுத்தினாள்.

"உட்காருண்ணா. காலையிலேர்ந்து நின்னுட்டே இருந்திருப்ப."

அணைந்த மெழுகுவத்தியைப் பார்த்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் குப்பியை எடுத்து மாமாவுக்கு ஊற்றினாள். மாமா தட்டிலிருந்த மீன் முள்ளைக் கைக்குட்டையால் மூடினார். என் வீட்டு நாளில், என் கண்ணெதிரே, என் தங்கை நின்று பரிமாறினாள். நான் அவளுடைய நாற்காலியில் இருந்தேன்.

பத்து நாள் இருந்தாள். ஸ்தானியாவோடு சிரித்துப் பேசினாள். ஆனால் பஸ் ஏறும்போது, அடுத்த வருஷம் வருகிறேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு முகம் இல்லை.

நேற்று உட்கார்ந்து எழுதினேன். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் எழுதாத வரி அது: 'லெபோசாவா, அடுத்த நிக்கோலா நாளுக்கு உன்னை அழைக்கிறேன். எங்கெங்கே இறங்கி ஏறுவாய், எத்தனை மணிக்கு வருவாய் என்று எழுது. நீ எந்த நேரத்துக்கு வந்தாலும், வந்த பிறகுதான் மெழுகுவத்தியை ஏற்றுவேன். அதுவரை நின்றுகொண்டிருப்பேன்.'

மாமாவுக்குத் தெரிந்தால் வைவார். உறையை ஒட்டி, விமானத் தபால் தலையை நாவால் நனைத்து அழுத்தி, இன்று காலை பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.