டெல்மரின் முப்பத்தைந்து

காலித் தொட்டிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள் நடீன்.

வால்ட் சோபாவில் சாய்ந்தபடி மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டியில் உப்புத் தண்ணீர் இருந்தது, மணல் இருந்தது, ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து வைத்த வெளுத்த கற்கள் இருந்தன. ஹீட்டர் இருந்தது, தண்ணீரைச் சுழற்ற ஒரு குட்டி மோட்டார் இருந்தது, மேலே நீல விளக்கு எரிந்தது. மீன்தான் இல்லை. மகளோ சொட்டுக்குழாயில் அமோனியாவை எடுத்து, குழந்தைக்கு மருந்து கொடுப்பவள் மாதிரி சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள்.

"யாருக்கும்மா ஊட்டறே? பேய்க்கா?"

"பாக்டீரியாவுக்கு. அதுங்க கல்லுல குடியேறணும். அதுக்கு முன்னாடி மீனை விட்டா, மீன் அது மூத்திரத்துலயே செத்துப்போகும்."

"நாலு வருஷம் காலேஜுக்கு அனுப்பினது மூத்திரத்தைப் பத்திப் படிக்கவா?"

"நீங்க எங்க அனுப்பினீங்க? நானா போனேன்."

வால்ட் சிரித்தார். அது உண்மைதான். கார் கதவுகளுக்குத் தகடு அடிக்கும் ஆலையில் முப்பது வருஷம் நின்றவர் அவர். அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நடீன், வேதியியல். இப்போது பெயின்ட் கம்பெனி ஆய்வகத்தில் வேலை. அங்கே அவள் எழுதிய முடிவை மேலதிகாரி இன்னொருவனிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்வான். அந்த இன்னொருவன் அவளைவிட இளையவன். அந்தக் கடுப்போடு வீட்டுக்கு வந்தால் தொட்டி இருக்கும். இங்கே அளப்பவள் அவள், முடிவு செய்பவளும் அவள்தான்.

"உப்புக்கு ஏன் இவ்வளவு அலட்டல்? இந்தப் பார்மா ஊர்ல குளிர்காலம் பூரா, பனி உருகறதுக்கு, லாரி லாரியா உப்பை ரோட்டுல கொட்டறான். வாளி எடுத்துட்டுப் போய் அள்ளிட்டு வரவேண்டியதுதானே?"

"அள்ளிட்டு வாங்க. உங்க சூப்புல போடறேன்."

தொட்டி வாங்கிய கடையில் நடந்ததை நினைத்தால் அவளுக்கு இன்னும் எரியும். தொட்டியைப் பற்றிக் கேட்டவள் அவள். கடைக்காரன் பதில் சொன்னதோ அப்பாவைப் பார்த்து. "சின்னத் தொட்டி முதல் தடவைக்கு ஆகாது சார். தண்ணி கம்மின்னா சின்னத் தப்பும் பெருசாயிடும்." வால்ட் தலையைச் சொறிந்துகொண்டு, "என்கிட்ட ஏன்யா சொல்றே? நான் டிரைவரு. வாங்கறது அவ" என்றார்.

"அப்ப தப்பு பண்ண மாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சின்னத் தொட்டியையே வாங்கி வந்தாள்.

அப்படியே செய்தும் காட்டினாள். குழாய்த் தண்ணீரைத் தொடவில்லை. வடிகட்டிய நீரில் கடல் உப்பைக் கலந்தாள். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்பது முதல் பாடம். குறைந்த மட்டத்தை உப்புநீரால் நிரப்பினால் கரிப்பு ஏறிக்கொண்டே போகும். புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் செய்கிற தப்பு அதுதான். அவள் நல்ல தண்ணீரால் மட்டுமே நிரப்பினாள். அமோனியா விட்டால் மறுநாளே காணாமல் போகிற நிலை வந்த பிறகுதான் ஒரு கோமாளி மீனை விட்டாள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. அது வந்த முதல் நாளே ஹீட்டரோடு சண்டை போட்டது. வால்ட்டுக்கு அதைப் பிடித்துப்போயிற்று.

மீன் சரி. நடீனுக்கு வேண்டியது உயிருள்ள பவளம்.

பவளம் வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு ஞாயிறு தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில் கூடுவார்கள். அந்தச் சங்கத்துக்குத் தலைவர் டெல்மர் ப்ரூயிட். புது உறுப்பினருக்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. சங்கத்தின் தாய்ப் பவளத்திலிருந்து ஒரு கிளையை வெட்டிக் கையில் கொடுப்பார்கள். அடுத்த கூட்டத்துக்கு அது உயிரோடு இருக்கும் படத்தைக் கொண்டுவரவேண்டும். பழைய படத்தைக் காட்டி ஏமாற்றக் கூடாதென்று, தொட்டிக்குப் பின்னால் அன்றைய செய்தித்தாளைப் பிடித்துப் படமெடுக்க வேண்டும், ஆளைக் கடத்துகிறவர்கள் எடுப்பது போல. உயிரோடு இருந்தால் கிளை உனக்கு, சங்கத்தில் நாற்காலியும் உனக்கு. செத்தால் ஒரு வருஷம் வாசலில் நில்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கூட்டம் தொடங்கும் முன் எல்லோரும் தங்கள் உப்பு மீட்டரை டெல்மரிடம் கொண்டுபோவார்கள். ஒரு சொட்டு நீரை விட்டு, கண்ணில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பார்க்கும் சின்னக் குழல் அது. டெல்மர் தொட்டி நீர் அவர் குழலில் முப்பத்தைந்து காட்டும், ஆயிரம் கிராம் கடல்நீரில் முப்பத்தைந்து கிராம் உப்பு என்ற கணக்கில். மற்றவர்கள் அதே நீரைத் தங்கள் குழலில் விட்டு, திருகாணியைத் திருகி முப்பத்தைந்தில் நிறுத்துவார்கள். பிறகுதான் காப்பி, டோனட்.

நடீன் தன் மீட்டரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"கொண்டா பாப்பா, சரிபண்ணித் தரேன்" என்றார் டெல்மர்.

"வீட்லயே சரிபண்ணிட்டேன்."

"எதை வெச்சு?"

"சரியா முப்பத்தஞ்சு உப்பு போட்டு, அளவு நீர்னு பாட்டில்ல விக்கறாங்களே, அதை வெச்சு. நீங்க எதை வெச்சுப் பண்ணினீங்க?"

"சுத்தத் தண்ணி. பூஜ்யம் காட்டுச்சு. அது போதும்."

"பூஜ்யத்துல சரியா நிக்கற தராசு ஒரு கிலோவுலயும் சரியா நிக்கும்னு யாரு சொன்னா?"

கூடத்தில் டோனட் மெல்லுவது நின்றது. டெல்மருக்குக் காது சிவந்தது. "பதினஞ்சு வருஷமா இங்க யாருக்கும் பவளம் சாகலை பாப்பா. நீ பாட்டிலை நம்பு." ஒரு கிளையை வெட்டி, நீரோடு பையில் போட்டு, மேலே கருப்பு மையில் 35 என்று எழுதி நீட்டினார். "அடுத்த மாசம் பார்க்கலாம்."

பக்கத்து நாற்காலியில் இருந்த இனெஸ், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், நடீன் காதில் முணுமுணுத்தாள்: "ஏய் பொண்ணே, நாற்காலி கிடைக்கறதுக்கு முன்னாடியே தலைவர் நாற்காலியை ஆட்டறியே!"

அது சுத்தியல் பவளம். கல்லெலும்பின் நுனியிலிருந்து பச்சைச் சதை நீண்டு, முனைகளில் குட்டிக் குட்டிச் சுத்தியல்களாக விரிந்து, நீரோட்டத்தில் அசைந்தாடும். பை நீரும் முப்பத்தைந்து, தன் தொட்டியும் முப்பத்தைந்து. பிறகென்ன? சூடு சமமாகட்டும் என்று பையைக் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு, கிளையை எடுத்து நேரே கல்லில் வைத்தாள்.

மறுநாள் வேலையிலிருந்து வந்தபோது சதை முழுக்க எலும்புக்குள் ஓடி ஒளிந்திருந்தது. அதற்கும் மறுநாள் விளிம்பில் வெள்ளை எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

டெல்மருக்குப் போன் போட்டாள்.

"உன் தண்ணி சரியில்ல பாப்பா."

"என் தண்ணி சரியாத்தான் இருக்கு."

"அப்ப பவளம் பொய் சொல்லுதா?"

போனை வைத்துவிட்டாள். தோற்றது கூட உறைக்கவில்லை. அந்தக் கேள்வி சரியான கேள்வி என்பதுதான் உறைத்தது. பவளம் பொய் சொல்லாது. அவள் மீட்டரும் பொய் சொல்லாது. பாட்டில் நீரை விட்டு மறுபடி பார்த்தாள், முப்பத்தைந்திலேயே நின்றது. மிச்சமிருப்பது ஒன்றுதான். டெல்மர் கொடுத்த பை தொட்டிக்குக் கீழே வாளியில் அப்படியே கிடந்தது. மற்றவர் தொட்டி நீரைத் தன் தொட்டியில் கலக்கக் கூடாதென்று ஒதுக்கி வைத்திருந்தாள். அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் குழலில் விட்டுப் பார்த்தாள்.

முப்பதுக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவே.

மீட்டரைக் கையில் பிடித்தபடி காரை எடுத்துக்கொண்டு இனெஸ் வீட்டுக்குப் போனாள். இனெஸ் பேருந்தை நிறுத்திவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள், சீருடையைக்கூட மாற்றவில்லை. அவளுடைய பெரிய தொட்டியில் பவளங்கள் திருவிழாப் போல விரிந்து கிடந்தன. அங்கேயும் முப்பதுக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவேதான்.

"அப்ப நாங்க எல்லாரும் பதினஞ்சு வருஷமா தப்பா?"

"ஆமா."

"ஆனா எங்க பவளமெல்லாம் நல்லாருக்கே?"

"எல்லாரும் ஒரே மாதிரி தப்பா இருக்கீங்க. உங்களுக்குள்ள மாத்திக்கறப்போ அதுங்களுக்கு வித்தியாசமே தெரியல. பழகிப்போச்சு. என் தண்ணி நிஜமான முப்பத்தஞ்சு. அதுக்குள்ள திடீர்னு தூக்கிப் போட்டதும் அதிர்ந்துபோச்சு."

இனெஸ் கொஞ்சம் யோசித்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடிப்பாவி! நீயும் எங்களோட சேர்ந்து தப்பா இருந்திருந்தா அது இந்நேரம் ஆடிக்கிட்டு இருக்கும்!"

நடீனுக்குச் சிரிப்பு வரவில்லை. பையை அளந்து பார்க்காமல் விட்டது யார்? டெல்மரை நம்பாதவள், டெல்மர் எழுதிய எண்ணை நம்பியிருக்கிறாள். வேறொன்றும் அவளுக்குத் தெரிந்தது. சரியான தண்ணீருக்குள் இருந்துகொண்டே அந்தக் கிளை செத்துவிடும்.

அதை எடுத்து வேறு பாத்திரத்துக்கு மாற்ற முடியாது. இன்னொரு முறை தொட்டால் சதை கிழியும். ஒரே வழிதான். தொட்டி நீரில் கொஞ்சத்தை வாளியில் முகந்து ஊற்றிவிட்டு, அந்த இடத்தில் வடிகட்டிய நல்ல தண்ணீரை மெல்ல விட்டாள். மீட்டரைப் பார்த்தாள். மறுபடி முகந்தாள்.

"என்ன பண்றே?" என்றார் வால்ட்.

"உப்பைக் குறைக்கறேன். டெல்மர் அளவுக்கு."

"அந்தாளு தப்புன்னு சொன்னியே?"

"தப்புதான்."

"சரியா இருக்கறதை வேணும்னே தப்பா ஆக்கறியா? காலேஜ்ல இதுவும் சொல்லித் தராங்களா?"

"அப்பா, வாளியைப் பிடிங்க."

வால்ட் வாளியைப் பிடித்தார். கோமாளி மீன் இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் ஹீட்டரை முட்டிக்கொண்டிருந்தது.

ரெண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் காலை எலும்பின் விளிம்பில் ஒரு பச்சைச் சுத்தியல் தலையை நீட்டியது. வால்ட்தான் முதலில் பார்த்தார். பல் துலக்கும் பிரஷ் வாயில் இருக்க, நுரையோடு கத்தினார்.

அது முழுக்க விரியும்வரை காத்திருந்தாள். பிறகு முதல் பாடத்தில் செய்யாதே என்று சொன்ன தப்பை ஆரம்பித்தாள். ஆவியாகிக் குறைந்த மட்டத்தை நல்ல தண்ணீருக்குப் பதில் உப்புநீரால் நிரப்பினாள். தினம் கொஞ்சம். கரிப்பு எறும்பு ஊர்வதுபோல ஏறியது. பவளம் முகம் சுளிக்கவில்லை.

கூட்ட நாள் காலையில் மீட்டர் முப்பத்தைந்தைத் தொட்டது. வால்ட் தொட்டிக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தார். படத்தில் சுத்தியல்கள் எல்லாம் விரிந்து நின்றன. ஓரத்தில் அவர் கட்டைவிரலும் விழுந்திருந்தது.

காரில் போகும் வழியெல்லாம் நடீன் பேச வேண்டியதை மெருகேற்றிக்கொண்டே போனாள். பதினஞ்சு வருஷம் என்று ஆரம்பித்து, பாட்டில் என்று போய், பாப்பா என்பதில் முடியும்படி. ஒவ்வொரு வரியும் டெல்மருக்கு எங்கே வலிக்கும் என்று பார்த்து வைத்திருந்தாள்.

கூடத்தில் வரிசை நின்றிருந்தது. அவளும் நின்றாள். முறை வந்ததும் படத்தை மேசையில் வைத்தாள். டெல்மர் தேதியைப் பார்த்தார், பவளத்தைப் பார்த்தார். "நல்லாருக்கே" என்றார் மனசில்லாமல்.

"உங்க மீட்டரைக் குடுங்க." அவர் சுதாரிப்பதற்குள் அளவு நீர்ப் பாட்டிலைத் திறந்து அவர் குழலின் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டாள். "இது முப்பத்தஞ்சு. பாட்டில்ல முத்திரை இருக்கு. நீங்களே பாருங்க."

டெல்மர் பார்த்தார். துடைத்தார். தானே ஒரு சொட்டு விட்டு மறுபடி பார்த்தார். பிறகு குழலை இனெஸிடம் நீட்டினார்.

"நாப்பது காட்டுது" என்றாள் இனெஸ், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "நாம முப்பத்தஞ்சுன்னு வெச்சிருந்ததெல்லாம் முப்பதுதான் மக்களே."

ஒரே சலசலப்பு. நாற்காலிகள் கிறீச்சிட்டன. தாடிக்காரர் ஒருவர் கார்ச் சாவியை எடுத்துவிட்டார். "வீட்ல ஒரு மூட்டை உப்பு இருக்கு, இன்னைக்கே போட்டுடறேன்." அவர் பின்னால் நாலு பேர் கோட்டை மாட்டினார்கள்.

நடீன் மெருகேற்றிய பேச்சு வாய்வரை வந்திருந்தது. ஆனால் கண்முன்னே தெரிந்தது வேறு. எலும்புக்குள் ஓடி ஒளிந்த சதை. ஒரு கிளை அல்ல, இந்தக் கூடத்தின் அத்தனை தொட்டிகளிலும்.

"யாரும் போகாதீங்க! உட்காருங்க!"

கையிலிருந்த பாட்டிலை மேசையில் ஓங்கி வைத்தாள். "இன்னைக்குப் போய் உப்பைக் கொட்டினீங்கன்னா நாளைக்கு எல்லாம் மூடிக்கும். எனக்கு மூடிக்கிச்சு. சாவியை உள்ள வைங்க. நீங்கதான், தாடி. உட்காருங்க."

தாடிக்காரர் உட்கார்ந்தார். பின்னாலேயே மற்றவர்களும். டெல்மர் மட்டும் நின்றுகொண்டிருந்தார், வெற்று மீட்டரைக் கையில் உருட்டியபடி. அவர் தொட்டிதான் எல்லோருடையதிலும் பெரியது. தாய்ப் பவளம் அதில்தான் இருந்தது.

"எப்படி ஏத்தினே?" என்று கேட்டார். "மெதுவான்னா எவ்வளவு மெதுவா, பா—"

நிறுத்திக்கொண்டார்.

"நடீன்" என்றாள் அவள்.

"நடீன்."

"உட்காருங்க டெல்மர். சொல்றேன்."

இனெஸ் ஒரு நாற்காலியைக் காலால் தள்ளினாள். அது நடீனுக்கு. அவள் உட்காரவில்லை, பாட்டிலைத் திறந்து வரிசையின் முதல் ஆளை நோக்கிக் கை நீட்டினாள்.

"மீட்டரைக் குடுங்க."