நல்ல பக்கத்துக்கு நாலு ஊசி

உங்கள் முகத்தில் எந்தப் பக்கம் நல்ல பக்கம் என்று யாராவது கேட்டால் உடனே பதில் சொல்வீர்களா? எங்கள் கிளினிக்குக்கு வருகிறவர்கள் சொல்லிவிடுவார்கள். நாற்காலியில் உட்காரும் முன்பே அந்தப் பக்கத்தை என்னிடம் திருப்பிவிடுவார்கள். வருகிறவர்களைப் படம் எடுத்து, வெள்ளைப் பென்சிலால் முகத்தில் குறி போட்டு, டாக்டருக்குத் தயாராக உட்கார வைப்பது என் வேலை.

எங்களிடம் கத்தி கிடையாது, தையல் கிடையாது. ஊசி மட்டும்தான். தாடை உள்ளே போயிருந்தால் ஜெல் ஏற்றி முன்னால் கொண்டு வருவோம். ஒரு புருவம் ஏறியிருந்தால் மருந்து போட்டு இறக்குவோம். நெற்றி ஒரு பங்கு, மூக்கு ஒரு பங்கு, வாயும் தாடையும் ஒரு பங்கு, மூன்றும் சரிசமமாக இருக்க வேண்டும் என்பது டாக்டரின் அளவு. அவர் வாயைத் திறந்தால் மில்லிமீட்டர் கணக்குதான். அதனால் நாங்கள் அவருக்கு வைத்த பெயரும் மில்லிமீட்டர். "செஞ்சது யாருக்கும் தெரியக்கூடாது. 'நேத்து நல்லாத் தூங்குனியா'ன்னு கேக்கணும், அவ்வளவுதான்" என்பார். நல்ல கை. பல வருஷம் தலை குனிந்தே நடந்தவர்கள் அவரிடம் வந்துவிட்டு நிமிர்ந்து போனதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். அம்மாவுக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். பஸ் டிரைவர். ஷிப்ட் முடிந்து யூனிஃபார்ம் சட்டையோடு நேராக வந்திருந்தார். மகள் செல்போன் கடையில் வேலை பார்ப்பவள்.

"அம்மா, உள்ள வந்ததும் வராததுமா எல்லாரையும் முறைக்காத."

"முறைக்கல. என் மூஞ்சியே இதான்."

அதுதான் பிரச்சினையே. மூன்று வருஷம் முன்பு ஒரு நாள் காலையில் அவர் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது ஓரமாக வழிந்திருக்கிறது. முகவாதம். கண் சரியாகிவிட்டது, பேச்சு சரியாகிவிட்டது. இடது கன்னமும் உதட்டோரமும் மட்டும் முழுதாகத் திரும்பி வரவில்லை. வலது பக்கம் மேலே இழுத்துக்கொண்டு நிற்க, சும்மா இருக்கும்போதும் யாரையோ ஏளனம் செய்வது போல இருந்தது.

எனக்கு இந்த ஊரில் அக்கா என்று கூப்பிட யாரும் இல்லை. அதனால் வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுவிடுவேன். "இத்தன நாள் விட்டுட்டு இப்ப என்னக்கா?" என்று கேட்டேன்.

"ஒருத்தர் ஏறும்போது, இந்த வண்டி ஆஸ்பத்திரி வழியாப் போகுமான்னு கேட்டாரு. போகும்னேன். நான் அவரப் பாத்து நக்கலாச் சிரிச்சேன்னு எழுதிப் போட்டுட்டாரு. அவர் பொண்டாட்டி அங்க படுத்திருந்திருக்காங்க. அவரையும் குத்தம் சொல்ல முடியாது, தங்கச்சி."

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு புகார். டிப்போ சூப்பர்வைசர் கூப்பிட்டு, திங்கட்கிழமைக்குள் முகத்துக்கு ஏதாவது வழி பண்ணுங்கள், இல்லையென்றால் யார்டுதான் என்று சொல்லிவிட்டார். யார்டு என்றால் ஆளில்லாத வண்டியைக் கழுவுகிற இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் நிறுத்துவது, கழுவியதும் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவது. ஊசி வேலை செய்யப் பத்து நாள் ஆகும் என்பதையும் அந்த ஆள் விசாரித்து வைத்திருந்தார். ஊசி போட்டதற்கு டாக்டர் சீட்டு காட்டினால் போதுமாம்.

"இருபத்திரண்டு வருஷம் ஜனங்கள ஏத்தி இறக்கியிருக்கேன். காலி வண்டி ஓட்டச் சொன்னா என்ன பண்றது, காலி சீட்டோட பேசறதா?"

"வீட்டுக்கு வந்து என்னோட சண்டை போடுவ. அதுக்குத்தான் நான் கூட்டிட்டு வந்தேன்" என்றாள் மகள்.

படம் எடுக்கத் தொடங்கினேன். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று ஒன்பது படம். சும்மா இருப்பது, மெதுவாகச் சிரிப்பது, பல் தெரியச் சிரிப்பது, புருவம் தூக்குவது, கண்ணை இறுக மூடுவது என்று வரிசையாகப் போகும்.

"இப்பக் கோபமாப் பாருங்கக்கா."

"யார் மேல?"

"யார் மேலயாவது."

"அப்ப சூப்பர்வைசர் மேல." அந்தப் படம் ரொம்பத் தெளிவாக வந்தது.

டாக்டர் வந்து கண் இமையை அழுத்திப் பார்த்தார், உதட்டைக் குவிக்கச் சொன்னார், திரையில் படங்களைப் பார்த்தார். "வலதுல நாலு, இடது கன்னத்துல கொஞ்சம் ஜெல்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். ஊசி குத்துகிற இடத்துக்குப் பெருக்கல் குறி, ஜெல் ஏற்றுகிற இடத்துக்கு வட்டம். நான் வலது பக்கம் நான்கு பெருக்கலும் இடது கன்னத்தில் ஒரு வட்டமும் போட்டு, கைக்கண்ணாடியைக் கொடுத்தேன்.

டிரைவர் அக்கா அதில் தன்னைப் பார்த்தார். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"தங்கச்சி, பக்கம் மாத்திப் போட்டுட்டீங்க."

"கண்ணாடில பாக்கும்போது அப்படித்தான்க்கா குழப்பும்."

அவர் வலது கையைத் தூக்கிக் காட்டினார். அதே கையால் வலது கன்னத்தைத் தொட்டார். "இது என் வலது கை. இது வலது கன்னம். இடது வலது பாத்துதான் நான் சோறு திங்கறேன். நீங்க குறி போட்டிருக்கறது நல்ல பக்கத்துல."

"ஆமாக்கா. நல்ல பக்கத்துலதான் போடணும்."

இதை நான் நூறு பேருக்காவது விளக்கியிருப்பேன். நின்றுபோன பக்கத்தை ஊசி போட்டு எழுப்ப முடியாது. வேலை செய்கிற பக்கத்தை அடக்கினால் இரண்டும் ஒரே மாதிரி ஆகிவிடும். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். இந்த அக்கா தலையாட்டவில்லை.

"அப்ப இது படுத்துக்கிச்சுன்னு அதையும் படுக்க வைக்கறீங்க."

"அம்மா, படுக்க வைக்கறது இல்லம்மா. லேசாத் தளத்தறது. நாலு மாசம்தான்" என்றாள் மகள்.

"நாலு மாசம் கழிச்சு?"

மகள் என்னைப் பார்த்தாள். "திரும்ப வந்து போட்டுக்கணும்" என்றேன்.

"எழுந்து நிக்கறப்பல்லாம் தட்டி உக்கார வைக்கணும்." டிரைவர் அக்கா கண்ணாடியைக் கீழே வைத்தார். "தங்கச்சி, மூணு வருஷமா இந்தப் பக்கம்தான் மென்னு குடுக்குது. இந்தப் பக்கம்தான் பேசுது. 'உள்ள தள்ளிப் போங்க, படியில நிக்காதீங்க'ன்னு கத்துறது இதுதான். ஒத்தை ஆளா ரெண்டு ஆள் வேலை பாத்திருக்கு. அதுக்கு நாலு ஊசியா பரிசு?"

நூறு பேரிடம் சொன்னபோது எனக்கே இது ஏன் தோன்றவில்லை என்றுதான் யோசித்தேன்.

டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவசரப்படுத்துகிறவர் இல்லை.

"அம்மா, நாலு வேண்டாம், ரெண்டு போடறேன். ரெண்டு மில்லிமீட்டர் இறங்கினாப் போதும். உங்க சிரிப்பு அப்படியே இருக்கும், கொஞ்சம் சின்னதா."

"டாக்டர், ஒண்ணு கேக்கறேன். என் கண்ணு ரெண்டும் மூடுதா?"

"முழுசா மூடுது."

"நான் பேசறது உங்களுக்குப் புரியுதா?"

"நல்லாப் புரியுது."

"அப்ப எனக்கு என்ன கோளாறு?"

டாக்டர் சுற்றிவளைக்கவில்லை. "உங்களுக்கு எதுவும் இல்ல. பாக்கறவங்க தப்பா நினைச்சுக்கறாங்க."

"அப்ப ஊசிய அவங்களுக்குத்தானே போடணும்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். டாக்டரும் சிரித்தார். பிறகு மகள் சிரிப்பை நிறுத்தினாள். "சிரிப்பாத்தான் இருக்கு. நாளைக்குச் சீட்டு கேப்பாரே, என்ன காட்டுவ?"

டிரைவர் அக்கா என் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். ஒன்பது முகங்களும் அதில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

"அந்தப் படம் யாருது?"

"உங்களுதுதான். கிளினிக் பேர் இல்லாம எடுத்துக்குங்க" என்றார் டாக்டர். கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டார். "இன்னைக்கு நீங்க வேண்டாம்னு சொன்னது உங்க இஷ்டம். என்னைக்காவது உங்களுக்கே வேணும்னு தோணினா வாங்க. சூப்பர்வைசருக்காக வராதீங்க."

அவர் அடுத்த அறைக்குப் போனதும் மூன்று படங்களைப் பெரிய தாளில் அச்சடித்தேன். டிரைவர் அக்கா சொல்லச் சொல்ல, கீழே கொட்டை எழுத்தில் எழுதினேன். முதல் படத்துக்கு, 'இது நான் சும்மா இருக்கும்போது.' இரண்டாவதுக்கு, 'இது நான் சிரிக்கும்போது.' மூன்றாவதுக்கு, 'இது நான் கோபமாக இருக்கும்போது.'

"நாலாவதா ஒண்ணு எழுதுங்க. 'உங்க மேல எனக்குக் கோபம் இல்ல'ன்னு." நான் பேனாவைத் தாளில் வைப்பதற்குள் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம், வேண்டாம். கெஞ்சற மாதிரி இருக்கு."

"அம்மா, டிப்போல சிரிப்பாங்க" என்றாள் மகள்.

"சிரிக்கட்டும். அவங்க சிரிப்பு எப்படி இருக்குன்னு நானும் பாக்கறேன்."

"வேலை போயிடும்மா."

"போனா அவங்க அனுப்பிப் போகட்டும். நானா இறங்க மாட்டேன்."

மகள் தாளை என் கையிலிருந்து வாங்கினாள். "எழுத்து சின்னதா இருக்கு. கண்ணாடி போட்டவங்களுக்குத் தெரியாது. இன்னொண்ணு எடுங்க" என்றாள்.

இன்னொன்று எடுத்தேன். இரண்டு மடங்கு பெரிதாக எழுதினேன். பென்சில் குறியை அழிக்கப் பஞ்சை நனைத்தபோது, "குடுங்க" என்று வாங்கி டிரைவர் அக்காவே துடைத்துக்கொண்டார். வலது பக்கத்தை முதலில் துடைத்தார்.

என்ன நடக்கிறது என்று பார்க்க, மறுநாள் காலை ஐந்து ஐம்பதுக்கு நானும் டிப்போ வாசலில் பஸ்ஸுக்கு நின்றேன். முன்கதவுக் கண்ணாடியில், ஏறுகிறவர்கள் கண்ணுக்கு நேராக அந்தத் தாள் ஒட்டியிருந்தது. சூப்பர்வைசர் வந்து அதைக் கிழிக்கச் சொன்னார், டிரைவர் அக்கா கிழிக்கவில்லை. யார்டு வண்டியின் சாவியை நீட்டினார், வாங்கவில்லை. வரிசையில் நின்ற பதினோரு பேரும் படித்துவிட்டு ஏறினோம். சூப்பர்வைசர் யாருக்கோ போன் செய்யப் போனார். பஸ் ஆறு நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது. ஓட்டியது டிரைவர் அக்காதான்.